உயிரா மயிரா என்று கேட்பதற்கு முன்: கீமோவும் குளிர்தொப்பியும்

தைப்பூசக் காவடி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சமையலறை மேசையில் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்பகப் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். அறுவை முடிந்துவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று நான்கு தடவை கீமோ, அதாவது புற்றுநோயை அழிக்கும் மருந்து ஏற்றுவது. டாக்டர் சொன்னதை எல்லாம் என்னிடம் ஒரு முறை ஒப்பித்துவிட்டு, கடைசியில் குரலை இறக்கிக் கேட்டார்: "முடி பூரா போயிடுமா?" அடுப்பருகே நின்ற அவருடைய அம்மா, எங்கள் தெருவுக்கே ஆயா, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உசுரு பெருசா, மசுரு பெருசாடி?"

அக்கா அதற்குமேல் வாய் திறக்கவில்லை. காகிதங்களை அடுக்கி உறையில் போட்டுவிட்டார்.

ஆயா அன்பில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். மகள் பிழைத்தால் போதும் என்ற தவிப்பில் வருகிற வார்த்தை அது. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் எத்தனை பெண்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமலே கீமோ நாற்காலியில் போய் உட்காருகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. நம் சனத்துக்கு மொட்டை புதிதில்லை. வேண்டிக்கொண்டு முருகனுக்கு முடி இறக்குகிறோம், பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டுச் சந்தனம் பூசுகிறோம். அது நாமாகக் கொடுப்பது. கீமோவில் போகிற முடி கேட்காமல் பிடுங்கப்படுவது. அதோடு, தலை மொட்டையானால் நோய் தெருவுக்கே தெரிந்துவிடும். யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்ற முடிவு நோயாளியின் கையைவிட்டுப் போய்விடும். அக்கா பயந்தது அதற்குத்தான். அவருடைய மகள் மெட்ரிக் பரீட்சை எழுதும் வருடம் அது.

முடியைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. உச்சந்தலையைக் குளிர வைப்பது. பேச்சில் 'கோல்டு கேப்' என்கிறார்கள், நான் குளிர்தொப்பி என்று எழுதுகிறேன். அது எல்லாருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவர்களுக்கும் முழுதாகக் காப்பாற்றாது. வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இந்தப் பேச்சையே முதல் முறையாகக் கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முடி ஏன் கொட்டுகிறது

கீமோ மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். புற்றுநோய்ச் செல் எது, நல்ல செல் எது என்று பார்த்துப் பிரிக்க அதற்குத் தெரியாது. எது வேகமாகப் பெருகுகிறதோ அதைப் போய் அடிக்கும். நம் உடம்பில் மிக வேகமாகப் பெருகும் செல்களில் மயிர்க்கால் செல்லும் ஒன்று. தலையில் உள்ள முடியில் பத்துக்கு ஒன்பது பங்கு எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் மருந்து பட்டதும் தலை மொத்தமும் ஒரே சமயத்தில் அடி வாங்குகிறது. வாய்ப்புண்ணும் வயிற்றுக் கோளாறும் வருவதற்கும் இதே காரணம்தான்.

ஊசி ஏறிய அன்றே கொட்டாது. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். முதலில் தலைத்தோல் வலிக்கும், சீப்பு பட்டாலே கூசும். ஒரு நாள் காலையில் தலையணையில் கொத்தாகக் கிடக்கும்.

குளிர் என்ன செய்கிறது

இரண்டு வேலை செய்கிறது. முதலாவது எல்லாருக்கும் பழக்கப்பட்டது. ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்தால் விரல் நுனி வெளுத்துப் போகும், ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். தலைத்தோலிலும் அதுவே நடக்கிறது. ரத்தம் குறைவாக வந்தால் அதில் கலந்து வரும் மருந்தும் குறைவாகத்தான் மயிர்க்காலுக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவதற்கு இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். டர்பன் வெயில் காலத்தில் ராத்திரி அரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். அதே மாவை, இந்த நாட்டில் குளிர்காலமான ஜூன் மாதம், ஜோகன்னஸ்பர்க்கில் வைத்தால் மறுநாள் மத்தியானம் வரை அப்படியே கிடக்கும். குளிரில் உயிர்ச்செயல் மந்தமாகிவிடுகிறது. மயிர்க்கால் செல்லும் அப்படித்தான். குளிர்ந்து மந்தமாகிக் கிடக்கும் நேரத்தில் அது மருந்தை அவ்வளவாக உறிஞ்சாது, பெருகவும் செய்யாது. பெருகாத செல்லைக் கீமோ அவ்வளவாகத் தொடாது. மருந்தின் வேகம் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்தை மயிர்க்கால் தூங்கியே கழித்துவிட வேண்டும், அதுதான் உத்தி.

இதற்குத் தலைத்தோலின் சூடு ஏறக்குறைய 22 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். கீமோ ஏறத் தொடங்குவதற்கு அரை மணிக்கு முன்னாலேயே தொப்பியைப் போட வேண்டும். மருந்து ஏறி முடிகிற வரை கழற்றக்கூடாது. முடிந்த பிறகும் பல மருந்துகளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும், சில மருந்துகளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நடுவில் கழற்றி ஓய்வெடுக்கலாம் என்றால் அது முடியாது.

1970-களில் நொறுக்கிய ஐஸைப் பையில் கட்டித் தலையில் வைத்துத்தான் இதைத் தொடங்கினார்கள். இன்று இரண்டு விதம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, ஜெல் நிரப்பிய தொப்பிகளை உறைய வைத்து எடுத்து வந்து, சூடாக ஆக 20, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருப்பது. கூடவே ஒரு ஆள் நின்று மாற்ற வேண்டும். மற்றது இயந்திரம். சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டி. அதிலிருந்து குழாய் வழியாகக் குளிர்ந்த திரவம் தொப்பிக்குள் ஓடித் திரும்பும். இந்த இயந்திரம் செய்கிற ஒரு நிறுவனம் இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இருக்கிறது: பாக்ஸ்மன். அதைத் தொடங்கிய குடும்பத்தின் தொழில் பீர் குளிரூட்டும் கருவி செய்வது. வீட்டு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அப்போதிருந்த குளிர்தொப்பியைப் போட்டும் முடி போய்விட்டது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த கணவர், தனக்குத் தெரிந்த குளிர்த் தொழிலைக் கொண்டே இதைவிட நன்றாக ஒன்று செய்ய முடியாதா என்று இறங்கினார். இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். "மயிருக்காகவா இவ்வளவு?" என்று அந்த மனிதர் கேட்கவில்லை.

காப்பாற்றியது என்றால் எவ்வளவு

இந்த இடத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நான் பார்த்தவரை ஏமாற்றமும் அழுகையும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

2017 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டுமே ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களைப் பற்றியவை. ஒன்றில் குளிர்தொப்பி போட்ட 95 பேரைக் கணக்கெடுத்ததில் 48 பேருக்கு, அதாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, முடி நின்றது. தொப்பி போடாத 47 பேரில் ஒருவருக்குக்கூட நிற்கவில்லை. இன்னொரு ஆய்வில் தொப்பி போட்ட 101 பேரில் 67 பேருக்கு நின்றது. போடாத 16 பேரில் யாருக்கும் இல்லை.

தொப்பி போடாதவர்கள் பக்கம் பூஜ்யம், போட்டவர்கள் பக்கம் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ. அப்படியானால் இது ஏமாற்று வேலை இல்லை, நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் 'முடி நின்றது' என்பதற்கு அந்த ஆய்வுகளில் என்ன அர்த்தம் தெரியுமா? தலைமுடியில் பாதிக்குமேல் போகவில்லை என்று அர்த்தம். பாதி போய்விட்டாலும் அது வெற்றிக் கணக்கில்தான் சேரும். விக் வைக்காமல் வெளியே போக முடிகிறதா, அதுதான் அளவுகோல்.

அதனால் தொப்பி போட்டவருக்கும் முடி கொட்டும். மூன்றாம் வாரம் குளியலறையில் கையோடு முடி வரும்போது, "போச்சு, காசும் போச்சு, குளிரில் நடுங்கினதும் வீண்" என்று நினைத்துப் பாதியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கொட்டல் எதிர்பார்த்ததுதான் என்று முன்னாலேயே ஒருவர் சொல்லி வைத்திருந்தால் இன்னும் இரண்டு தடவை தாக்குப்பிடித்திருப்பார்கள். தொப்பியை நிறுத்தினால் அதுவரை நின்ற முடியும் அடுத்த கீமோவில் போய்விடும்.

இன்னொன்று. தொப்பி தலைக்கு மட்டும்தான். புருவம், இமை, உடம்பு முடி எல்லாம் அதன் பாட்டுக்குப் போகும்.

முதலில் மருந்தின் பெயரைக் கேளுங்கள்

"கோல்டு கேப் இருக்கா?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "எனக்கு என்ன மருந்து தரப் போறீங்க?" மருந்தின் பெயர் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பெயர்கள் வாயில் நுழையாது.

கேபசைட்டபின், ஃபுளூரோயூராசில், ஜெம்சைட்டபின் மாதிரி மருந்துகளுக்குப் பொதுவாக முடி மெலியும், மொட்டையாகாது. அவற்றுக்காக இவ்வளவு பாடுபடத் தேவை இருக்காது. டோசிடாக்ஸல், பாக்லிடாக்ஸல் என்ற டாக்ஸேன் வகை மருந்துகள் முடியை அடியோடு கொண்டுபோகும். ஆனால் குளிர்தொப்பி மிக நன்றாக வேலை செய்வதும் இவற்றோடுதான். டோசிடாக்ஸலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகியும் சிலருக்கு முடி முழுதாகத் திரும்பி வருவதில்லை. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் நாம் இருக்கலாமே. டோசிடாக்ஸல் போடப்போகிற ஒருவர் என்னிடம் கேட்டால், இதை டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள் என்பேன்.

அடுத்தது டாக்ஸோரூபிசின், எபிரூபிசின் என்ற ஆந்த்ராசைக்ளின் வகை. டாக்ஸோரூபிசின் செக்கச் சிவந்த நிறத்தில் இருக்கும், நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்றே சொல்கிறார்கள். இதற்கு எதிரில் குளிர் மிகவும் திணறுகிறது. நான் மேலே சொன்ன முதல் ஆய்வில், டாக்ஸேன் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முடி நின்றது. ஆந்த்ராசைக்ளின் எடுத்தவர்களில் கால்வாசிப் பேருக்குக்கூட நிற்கவில்லை. மொத்தக் கணக்கைப் பார்த்து "பாதிக்குப் பாதி" என்று நினைத்தால் இரண்டு பக்கமும் தப்பாகிவிடும். உங்கள் மருந்துக்கான கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் அக்காவுக்கு எழுதியிருந்தது டோசிடாக்ஸலும் சைக்ளோபாஸ்பமைடும். நம்பி இறங்கக்கூடிய மருந்து. அதே மாதம் எனக்குத் தெரிந்த இன்னொருவர், டர்பனிலேயே பீனிக்ஸில் இருப்பவர், அரசு ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்தோடு தொடங்கினார். அவரிடம் பிறகு வருகிறேன்.

யாருக்குக் கூடாது

லுகேமியா, லிம்ஃபோமா மாதிரி ரத்தப் புற்றுநோய்க்குக் கூடாது. அங்கே புற்றுநோய்ச் செல் ரத்தத்தோடு தலைத்தோலிலும் சுற்றிக்கொண்டிருக்கும். மருந்தை அங்கே தடுத்தால் அவற்றுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். குளிர் பட்டாலே ரத்தத்தில் கோளாறு வருகிறவர்களுக்கும், குளிர் பட்டால் தடிப்புத் தடிப்பாக வீங்கி அரிக்கிறவர்களுக்கும் கூடாது. தலைத்தோலுக்கே புற்றுநோய் பரவியிருந்தால் கூடாது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்போகிறார்கள் என்றால் பயனில்லை, கதிர்வீச்சில் போகும் முடியைக் குளிரால் நிறுத்த முடியாது.

"அப்போ மார்பகப் புற்றுநோய்ச் செல்லும் தலையில போய் ஒளிஞ்சுக்காதா?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர்களும் பல வருடம் இதற்குத்தான் தயங்கினார்கள். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குளிர்தொப்பி போட்ட மார்பகப் புற்றுநோயாளிகளில் 0.61 சதவீதம் பேருக்குத் தலைத்தோலில் நோய் வந்திருந்தது, போடாதவர்களில் 0.41 சதவீதம் பேருக்கு. இரண்டுமே நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. இடையில் இருப்பது கணக்கியல்படி பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2015 டிசம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கு முதல் இயந்திரத்தை அனுமதித்தது, 2017-இல் மற்ற கட்டிப் புற்றுநோய்களுக்கும் அதை விரித்தது.

அந்த நாற்காலியில்

முதல் நாள் நானும் கூடப் போனேன். அதற்கு முன்பு வரை அக்காவின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கே ஆயா முணுமுணுத்தார். சிஸ்டர் தெளிப்பான் புட்டியால் தலை முழுக்கத் தண்ணீர் அடித்து ஈரமாக்கினார். ஈரம் இருந்தால்தான் குளிர் முடியைத் தாண்டித் தோலுக்குப் போகும். நெற்றி ஓரத்தில் மெல்லிய துணிப்பட்டை வைத்தார், குளிர் சுடாமல் இருக்க. அதன்மேல் மெத்தென்ற சிலிக்கான் தொப்பி, அதன்மேல் இன்னொரு உறை, மோவாய்க்குக் கீழே வார். பிறகு இரண்டு கையாலும் உச்சியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். தொப்பிக்கும் தோலுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி இருந்தாலும் அந்த இடத்தில் முடி வழுக்கையாகப் போய்விடும் என்றார். இவ்வளவு பாட்டிலும் மிக முக்கியமான நிமிடம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தொப்பியின் அளவு சரியாக இல்லை என்று தோன்றினால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள்.

அடர்ந்த முடிக்காரர்களுக்கு இது கூடுதல் சிக்கல். முடியே கம்பளி மாதிரி குளிரைத் தடுக்கும். சுருட்டை முடியுள்ள ஆப்பிரிக்கப் பெண்கள் பலருக்குத் தொப்பி சரியாகப் படிவதில்லை, பலனும் குறைகிறது. இந்தத் தொப்பிகளின் வடிவமும் ஆய்வுகளும் பெரும்பாலும் மெல்லிய நேர்முடிக்காரர்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. இந்த நாட்டில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. சேர்த்துப் பின்னிய செயற்கை முடியை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். முடியைச் சின்னச் சின்னப் பிரியாகப் பிரித்துத் தோல் தெரிகிற மாதிரி செய்து குளிர்விக்கும் முறைகளை இப்போது முயன்று வருகிறார்கள்.

இயந்திரத்தைப் போட்டதும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கொடுமை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றிப்பொட்டில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. சிஸ்டர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திச் சூடாக ரூயிபோஸ் டீ கொடுத்தார். இருபதாவது நிமிடம் பார்த்தால் அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். தோல் மரத்துப்போய்விடுகிறது, பலரும் அதற்குப்பின் தாங்கிக்கொள்கிறார்கள். தலைவலியும் குமட்டலும் வரலாம். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குளிர் தாங்கவே முடியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கீமோ அதன் பாட்டுக்கு நடக்கும்.

கடைசியில் தொப்பியைப் படக்கென்று கழற்றவில்லை. ஈர முடி அதோடு ஒட்டி உறைந்திருக்கும், இழுத்தால் வேரோடு வந்துவிடும். கொஞ்ச நேரம் இளக விட்டு மெதுவாக உரித்தார்கள்.

காசும் நேரமும்

அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. காரோட்ட ஒருவர், பிள்ளையைப் பார்க்க ஒருவர் என்று வீடே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் இந்த இயந்திரம் தனியார் புற்றுநோய் மையங்கள் சிலவற்றில்தான் இருக்கிறது, எல்லா ஊரிலும் இல்லை. மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, கீமோவுக்குப் பணம் கட்டும் என்பதால் தொப்பிக்கும் கட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இது தனிக் கணக்கு. உங்கள் திட்டத்தில் உண்டா, உண்டென்றால் எவ்வளவு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மையத்திடமும் ஒரு தடவைக்கு இவ்வளவா, மொத்தமாகவா, தொப்பியை நாமே விலைக்கு வாங்க வேண்டுமா என்று முதல் கீமோவுக்கு முன்னாலேயே கேளுங்கள். முதல் தடவை தொப்பி இல்லாமல் போய்விட்டு இரண்டாம் தடவை போடலாம் என்றால் பலன் இருக்காது, மயிர்க்கால் முதல் அடியிலேயே விழுந்திருக்கும். முடிவெடுக்கக் கிடைக்கிற காலம் கண்டறிந்த நாளுக்கும் முதல் ஊசிக்கும் இடையில் உள்ள சில நாட்கள்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு. டர்பன் இருக்கும் மாகாணமான குவாசூலு-நட்டாலில் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் காத்துக் கிடந்தார்கள் என்பதை 2017-இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் விசாரித்து, அவர்களின் உரிமை மீறப்பட்டதாகவே அறிக்கை கொடுத்தது. கீமோ நாற்காலிக்கே வரிசை நிற்கும் இடத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் அடுத்தவரின் முறை தள்ளிப்போகும். முடி நிற்பது காசு உள்ளவருக்கு மட்டும் கிடைப்பதாக இருப்பது எனக்கு வலிக்கிறது. அதைச் சரிசெய்கிற வழி என் கையில் இல்லை. ஆனால் ஃபிரீசரில் ஐஸ் பையைக் கட்டி வீட்டிலிருந்து எடுத்துப்போய்த் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்று யாரும் இறங்கிவிடாதீர்கள். குளிர் சமமாகப் பரவாது, தோல் பனியில் வெந்துபோகும்.

வேண்டாம் என்றவர்

பீனிக்ஸ் அக்கா இதை எல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். சிவப்பு மருந்தோடு பலன் குறைவு. தனியாரிடம் போகக் காசில்லை. விடியற்காலை மினிபஸ் டாக்சி பிடித்து வருகிறவர். அதையெல்லாம்விட அவர் சொன்ன காரணம் என் மனசில் நிற்கிறது: "தினமும் சீப்பைப் பார்த்து எண்ணிக்கிட்டு உட்கார என்னால முடியாது. போறதுன்னா நானே கொடுத்துடறேன்." முதல் கீமோ முடிந்த பத்தாம் நாள், கொட்டத் தொடங்குவதற்கு முன்பே, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து வீட்டிலேயே தலையை மழித்துக்கொண்டார். மெஷினால்தான் மழித்தார், சவரக்கத்தி வைக்கவில்லை. கீமோவில் வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும், சின்னக் கீறலிலும் கிருமி ஏறிவிடும்.

இது குறைந்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிர்தொப்பி போடுவதற்கு எவ்வளவு நியாயம் உண்டோ அவ்வளவு நியாயம் இதற்கும் உண்டு. இந்த வழியில் போகிறவர்கள் முடி இருக்கும்போதே விக் பார்த்து வைத்தால் நிறமும் வகிடும் பொருத்தமாகக் கிடைக்கும். 1931 முதல் இருக்கும் தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், நாம் 'கான்சா' என்கிறோமே, அதன் மையங்களில் விக் பற்றிக் கேட்கலாம். மால்களில் 'ஷேவத்தான்' நடத்தி ஊராரைத் தலை மழிக்க வைக்கிறவர்களும் அவர்கள்தான். டர்பன் வெயிலில் மொட்டைத் தலை சீக்கிரம் சுட்டுவிடும். பருத்தித் துணியோ தொப்பியோ இல்லாமல் வெளியே போகக்கூடாது. கீமோ முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பூனைமயிராக முளைக்கத் தொடங்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வந்தால் பயப்பட வேண்டாம்.

வீட்டில்

தொப்பி போடுகிறவர்களுக்கு மீதிப் பாதி வேலை வீட்டில்தான். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும், வெதுவெதுப்புக்கும் குறைந்த தண்ணீரில், மென்மையான ஷாம்பு. சீயக்காய் போட்டுப் பரபரவென்று தேய்க்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் மறக்க வேண்டும். சாயம் கூடாது, டிரையர் கூடாது. இறுக்கிப் பின்னக்கூடாது, கொண்டை போடக்கூடாது, கனமாகப் பூ வைக்கக்கூடாது. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வர வேண்டும். தினமும் வார வேண்டும். வாராமல் விட்டால் உதிர்ந்த முடி சிக்காகி நல்ல முடியையும் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் அக்கா முதல் கீமோவுக்கு முன்னால் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டார். எடை குறைந்தால் வேர் இழுபடாது என்றார்கள். நான்கு கீமோ முடிந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. உச்சியில், தொப்பி சரியாகப் படியாத இடத்தில், ஐந்து ரேண்டு காசு அகலத்துக்கு ஒரு வழுக்கை. வகிட்டை மற்றப் பக்கம் மாற்றி எடுத்தார், தெரியவில்லை. புருவம் போய்விட்டது, பென்சிலால் வரைந்துகொண்டார். மகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் கீமோ முடிந்த வாரம் ஒரு மாலையில் நான் போனபோது ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், அக்கா கீழ்ப்படியில். ஆயா அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி வாரிக்கொண்டிருந்தார். கையோடு வந்த முடியை அக்கா பார்ப்பதற்குள் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டார். பழக்கதோஷத்தில் விரல்கள் மூன்று பிரியாகப் பிரித்துவிட்டன, உடனே நினைவு வந்து விட்டுவிட்டார். "பின்னக்கூடாதில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துணி ரிப்பனால் தளரக் கட்டினார்.